மைனஸ் பதினொன்று

"ஐயையோ... பாய் செத்துக் கெடக்குறாரு...!"

மணியம்மாளின் அலறல், உழவர்கரையில் இருந்த அந்தக் குளிர்பதனக் கிடங்கின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

செவ்வாய்க்கிழமை. பிற்பகல் ஒன்று முப்பத்தெட்டு.

இறால் பெட்டி எடுக்க இரண்டாம் எண் அறைக்குள் போனவள், வெறுங்கையோடு வெளியே ஓடிவந்தாள். கதவிடுக்கில் மடித்து வைத்திருந்த கோணிச்சாக்கு அவள் காலில் சிக்கி உருவிக்கொண்டது. கனத்த கதவு தொப்பென்று மூடியது.

உள்ளே... சரிந்த பெட்டிகளுக்கு அடியில்... கிடங்கின் உரிமையாளர் அன்வருதீன்!

இன்ஸ்பெக்டர் தாமரைச்செல்வி ஜீப்பிலிருந்து குதித்தபோது மணி இரண்டு. அவர் பின்னால், சிவப்புத் தொப்பியைச் சரிசெய்தபடி ஏட்டு கன்னியப்பன்.

மருத்துவர் அறையை விட்டு வெளியே வந்து கையுறையைக் கழற்றினார்.

"பின்மண்டையில அடி மேடம். அடி விழுந்ததுக்கு அப்புறம்தான் பெட்டி விழுந்திருக்கு."

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டுலேருந்து ஒண்ணரைக்குள்ள. உறைகுளிர்ல கெடந்த உடம்பு... இதுக்கு மேல என்னைத் துல்லியமா கேக்காதீங்க!"

தாமரைச்செல்விக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர் நின்ற இடத்தில் நிற்காமல் இயந்திர அறையை நோக்கி நடந்தார்.

அங்கே, கம்ப்ரெசரின் இரைச்சலுக்கு நடுவே, ஆபரேட்டர் பலராமன் நின்றிருந்தான். பதினோரு வருடம் அங்கே வேலை பார்ப்பவன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேன்ட் பையில் நுழைத்தான், எடுத்தான், மறுபடி நுழைத்தான்.

"ரூமைத் தொறந்து விட்டது யாரு?"

"நான்தாங்க மேடம். சாவி எங்கிட்டதான் இருக்கும். பன்னெண்டு இருவதுக்குத் தொறந்தேன். பாய்கூட உள்ள போனேன். லைட்டப் போட்டேன். கதவுல சாக்கு வெச்சுட்டு வந்துட்டேன்."

"சாக்கு எதுக்கு?"

"உள்ள ஆள் இருந்தா கதவ மூட மாட்டோங்க. தாழ் விழுந்துட்டா அவ்ளோதான்... வெறச்சிப் போயிடுவாங்க. இங்க எல்லாருமே சாக்கு வெப்போம்."

"ஒரு மணிக்கு நீ எங்க இருந்தே?"

"இங்கதான்... மிஷின் ரூம்லதான்..."

மேசைமேல் நீளமான ரிஜிஸ்டர் திறந்திருந்தது. மணிக்கு ஒரு முறை ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் அதில் எழுதவேண்டும். தாமரைச்செல்வி விரலை ஓட்டினார். இரண்டாம் அறை. பன்னிரண்டு மணி, மைனஸ் பதினெட்டு. ஒரு மணி, மைனஸ் பதினெட்டு. இரண்டு மணி, மைனஸ் பதினெட்டு. மூன்று மணி...

விரல் நின்றது.

"யோவ்! இப்ப மணி ரெண்டு பத்து. மூணு மணிக்கு எவ்வளவு இருக்கும்னு உனக்கு யாருய்யா சொன்னது?"

பலராமனின் முகம் வெளுத்தது.

"அது... சாப்பிடப் போறதுக்கு முன்னாடி எழுதி வெச்சுடுவோம் மேடம். எல்லா ஷிஃப்ட்லயும் அப்பிடித்தான். வருஷம் பூரா அதே மைனஸ் பதினெட்டுதான வருது..."

"அப்ப ஒரு மணிக்கு நீ இங்க இல்ல!"

"வீட்டுக்குப் போயிட்டேங்க. ரெட்டியார்பாளையம். பதினஞ்சு நிமிஷத்துல சாப்ட்டுட்டு..."

"யாரு சாட்சி?"

"எம் பொண்டாட்டி பாக்கியலட்சுமி."

ஏட்டு கன்னியப்பன் சிரித்தே விட்டார்.

"பொண்டாட்டி சாட்சியா! அது கோர்ட்டு வாசப்படிகூட ஏறாதுய்யா!"

அப்போதுதான் அந்த மனிதர் உள்ளே வந்தார். சூப்பர்வைசர் கோவிந்தசாமி. வயது ஐம்பத்தெட்டு. சலவைச் சட்டை. கலைந்தறியாத வகிடு.

"மன்னிக்கணும் மேடம். அவன் எழுதுனதைப் பார்க்காதீங்க. பக்கத்துப் பத்தியைப் பாருங்க. அது என் கையெழுத்து."

மேற்பார்வையாளர் சரிபார்ப்பு என்ற பத்தி அது. ஒரு மணிக்கு நேராக, தலையில் கொடி பறக்கும் இரண்டு ஒன்றுகள். பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பழகிய கை.

மைனஸ் பதினொன்று!

"சரியா ஒரு மணிக்கு இங்க வந்தேன். இவன் இல்லை. வெப்பநிலை காட்டுற பேனலைப் பார்த்தேன், மைனஸ் பதினொண்ணு. உள்ளபடியே எழுதினேன். முதலாளி உள்ளே இருக்காரு, கதவு தொறந்திருக்கு, ஏறத்தானே செய்யும்னு போயிட்டேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் மேடம். என் கை பொய்யா ஒரு நம்பர் எழுதினது கிடையாது!"

தாமரைச்செல்வி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவன் நடக்காததை எழுதியவன். மற்றவர் நடந்ததை எழுதியவர். யாரை நம்புவது என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை.

"கன்னியப்பன்! இவனை வெளியில உட்கார வைங்க. சென்சார் கணக்கு வரட்டும். அஞ்சு மணிக்கு அரெஸ்ட்!"

"சரிங்க மேடம்!"

சென்சார்களைப் பொருத்திய பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஸமீஹா. வயது இருபத்தொன்பது. இறந்தவருடைய அக்காவின் மகள். கண்கள் சிவந்திருந்தன, கையில் லேப்டாப்.

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு பெண் குறுக்கே வந்து விழுந்தாள். பாக்கியலட்சுமி.

"தங்கச்சி... உங்க மாமாவ என் வீட்டுக்காரரு கொல்வாரா? மத்தியானம் எங்கையால வஞ்சிர மீன் கொழம்பு ஊத்திப் போட்டேன். இன்னொரு துண்டு வேணுமான்னு கேட்டேன். நேரமாச்சுன்னு ஓடியாந்தாரு. அந்த மனுஷன் பொய் எழுதுவாரு, இல்லங்கல. ஆனா கொசு அடிக்கவே பயப்படுவாரு!"

"எந்திரிங்கக்கா... எந்திரிங்க. அழாதீங்க."

ஸமீஹாவின் கைப்பேசி ஒலித்தது. வீட்டிலிருந்து மாமி.

"ஸமீஹா... பலராமன்தானாமே? அவனை விடாதே! அவன் பேரை எழுதிக் குடுத்துட்டு வா!"

அவள் அழைப்பைத் துண்டித்தாள். துக்கத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கைக்கு அருகில் இருக்கும் கழுத்தைத்தான் அது முதலில் பிடிக்கும்.

"பன்னெண்டு இருபதுக்கு முன்கதவு தொறந்திருக்கு," என்று திரையைக் காட்டினாள் ஸமீஹா. "நடைபாதை சென்சார் ரெண்டு பேர் உள்ளே போனதைப் பார்த்திருக்கு. பன்னெண்டு இருபத்துநாலுக்கு ஒருத்தர் வெளியே வந்திருக்கார். அப்புறம் ஒண்ணு முப்பத்தாறு வரைக்கும் நடைபாதையில ஒரு அசைவும் இல்லை. ஒண்ணு முப்பத்தாறுக்கு மணியம்மா. ஒண்ணு முப்பத்தெட்டுக்குக் கதவு மூடியிருக்கு."

"போதும்மா! ரெண்டு பேர் போனாங்க, ஒருத்தன் வந்தான். நடுவுல நாலு நிமிஷம். மண்டையில அடிக்க நாலு நிமிஷம் தாராளம்!"

"இருங்க மேடம். பின்பக்கம் லாரிக்குச் சரக்கு ஏத்துற கதவு ஒண்ணு இருக்கு."

"அதுலயும் சென்சார் இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா அப்ப அது தூங்கிட்டிருந்தது."

"தூங்கிட்டிருந்ததா?"

"உறைகுளிர்ல பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும் மேடம். அதனால ஆறு சென்சார்ல எப்பவும் ரெண்டுதான் முழிச்சிருக்கும். எந்த ரெண்டுங்கிறது கடைசியா என்ன நடந்துச்சுங்கிறதைப் பொறுத்து மாறும். முன்கதவு தொறந்தா முன்கதவும் நடைபாதையும் முழிக்கும், மத்ததெல்லாம் தூங்கும். முன்கதவு மூடுற வரைக்கும் அப்பிடித்தான்."

முன்பொரு காலத்தில் ஆறு வாசல் கொண்ட வெள்ளரித் தோட்டம் ஒன்று இருந்தது. காவலுக்கு இரண்டே நாய்கள். எந்த வாசலில் சத்தம் கேட்கிறதோ அதற்கேற்ப அவை இடம் மாறும். நரி சில நாள் புதரில் படுத்து அந்த வழக்கத்தைப் படித்தது. பிறகு கிழக்கு வாசலில் ஒரு கல்லை விட்டெறிந்து, மேற்கு வாசலில் சாவதானமாய் நுழைந்தது. மறுநாள் தோட்டக்காரன் நாய்களை அடிக்கவில்லை. காட்டுக்குள் போய், எந்த நரியின் வாயில் வெள்ளரி வாசனை வீசுகிறது என்று முகர்ந்து பார்த்தான்!

"ஆக, பின்கதவு வழியா எவனாவது வந்திருக்கலாம்னு சொல்றே," என்றார் தாமரைச்செல்வி, பொறுமை இழந்து.

"வரலாம். வராமலும் இருக்கலாம். ரெண்டு கதைக்கும் இந்த லிஸ்ட் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"அப்ப உன் சென்சாரால என்ன பிரயோஜனம்?"

"மேடம்... மெஷின்ல பழுது தேடுறப்பவும் இதே தலைவலிதான். பழுது விழுற நொடியை எந்த சென்சாரும் பார்க்காது. ஆனா பழுது விழுந்த கதையும் விழாத கதையும் கடைசி வரைக்கும் ஒண்ணாவே போகாது. எங்கேயாவது ஒரு இடத்துல பிரியும். அந்த இடத்துல யாராவது முழிச்சிருந்தா போதும்."

"அஞ்சு மணிக்கு நான் அவனைக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள எங்க பிரியுதுன்னு காட்டு!"

கடிகாரம் மூன்று இருபது.

ஸமீஹா உட்காரவில்லை. நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். கண்ணாடிக்கு வெளியே, பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த பலராமனின் முதுகு தெரிந்தது. அவன் கொலைகாரன் என்றால் இவள் மாமாவுக்கு நியாயம். இல்லையென்றால்... இவள் பொருத்திய சென்சார்களே ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்புகின்றன!

அவள் கண் மேசைமேல் போயிற்று.

"அது என்ன மேடம்?"

"ரிஜிஸ்டர். பலராமன் எழுதினது பொய். சூப்பர்வைசர் எழுதினது நெஜம்."

ஸமீஹா குனிந்தாள். படித்தாள். மறுபடி படித்தாள்.

அவள் விரல் அந்த இரண்டு ஒன்றுகள்மேல் நின்றது.

"மேடம்... இதை எங்கே பார்த்து எழுதினதா சொன்னார்?"

"பேனல்ல."

"இன்னொரு தடவை அவர் வாயால சொல்லச் சொல்ல முடியுமா? நான் ஏன் கேக்குறேன்னு சொல்லாம?"

தாமரைச்செல்வி அவளை உற்றுப் பார்த்தார். பிறகு குரல் கொடுத்தார்.

"கன்னியப்பன்! கோவிந்தசாமியைக் கூப்பிடுங்க!"

சூப்பர்வைசர் வந்தார். அதே வகிடு. அதே நிமிர்ந்த நடை.

"ஸ்டேட்மென்ட் எழுதணும் சார். ஒரு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இதே இடத்துல. இந்தப் பேனலுக்கு முன்னாடி."

"பேனல் என்ன காட்டிச்சு?"

"மைனஸ் பதினொண்ணு."

"பலராமன் எழுதியிருக்கிற மாதிரி மைனஸ் பதினெட்டு இல்லையே?"

"அவன் சோம்பேறி மேடம். நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுதுவேன்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"குர்ஆன், கீதை, பைபிள் எது மேல வேணும்னாலும் சத்தியம் பண்றேன்!"

கன்னியப்பன் எழுதினார். கோவிந்தசாமி கையெழுத்துப் போட்டார்.

ஸமீஹா நிமிர்ந்தாள்.

"மேடம்... நீங்க இரண்டாம் ரூமுக்குள்ள போக முடியுமா? பின்கதவுக்குப் பக்கத்துச் சுவர்ல வட்டமா ஒரு டயல் மீட்டர் இருக்கும். நான் சொல்றப்போ அதைப் படிங்க."

உடலை அப்போதே எடுத்துப் போயிருந்தார்கள். அறை மறுபடி மைனஸ் பதினெட்டைத் தொட்டிருந்தது. தாமரைச்செல்வி கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவிடுக்கில் சாக்கு வைக்கப்பட்டது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

கோவிந்தசாமி முதல் முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லை சார். சரிபார்ப்பு."

இருபது நிமிடம் ஆயிற்று.

"மேடம்! படிங்க!"

உள்ளேயிருந்து, பற்கள் கிட்டித்த குரல் வந்தது.

"மை... மைனஸ் பதினாலு!"

"ஏட்டய்யா... பேனல் என்ன காட்டுதுன்னு சத்தமா சொல்லுங்க."

கன்னியப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"மைனஸ்... பதினெட்டு!"

கம்ப்ரெசரின் இரைச்சல் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

நடுங்கிக்கொண்டே வெளியே வந்த தாமரைச்செல்வி, பேனலைப் பார்த்தார். ஸமீஹாவைப் பார்த்தார்.

"என்னம்மா... உன் மெஷின் பொய் சொல்லுது?"

"பொய் இல்லை மேடம், தூக்கம். போன வாரம் வரைக்கும் முன்கதவு தொறந்திருந்தாலும் டெம்பரேச்சர் சென்சார் முழிச்சிருக்கும். கதவைத் தொறந்த உடனே அலாரம் கத்தும். தலைவலியா இருக்கு, மாத்திக் குடுன்னு மாமா கேட்டார். நேத்துக் காலையில வீட்டிலிருந்தே மாத்தினேன். இப்ப முன்கதவு தொறந்தா அந்த சென்சாரும் தூங்கிடும். கடைசியா பார்த்த நம்பரைப் பேனல் அப்படியே பிடிச்சு வெச்சிருக்கும். இது எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும்."

"அப்படின்னா இன்னைக்கு ஒரு மணிக்கு..."

"பேனல்ல மைனஸ் பதினெட்டுதான் இருந்திருக்கும். பன்னெண்டு இருபதுலேருந்து ஒண்ணு முப்பத்தெட்டு வரைக்கும், யார் வந்து பார்த்தாலும் பதினெட்டுதான்!"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

கோவிந்தசாமியின் நெற்றியில், அந்தக் குளிர்க் கிடங்கில், வியர்வை!

"நான்... நான் மறந்துட்டேன். ஒரு மணிக்கு ரூமுக்குள்ள எட்டிப் பார்த்தேன். அந்த டயல்லதான் பார்த்தேன்..."

"எந்த வழியா போனீங்க சார்?" ஸமீஹாவின் குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

"முன்கதவு வழியாத்தான்!"

"நடைபாதை சென்சார் தூங்கலையே சார். ஒரு மணிக்கு அது முழிச்சிட்டிருந்தது. ஒரு ஈகூடப் போகலைன்னு சொல்லுது."

கோவிந்தசாமி கைக்குட்டையை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார்.

"மிச்சம் ஒரே வழிதான் இருக்கு," என்றார் தாமரைச்செல்வி, கோட்டைக் கழற்றி எறிந்து. "பின்கதவு! அந்த வழியா உள்ளே போய், அந்த டயல் பக்கத்துல நின்னு, தரையில கெடந்த முதலாளி மட்டும் கண்ணுக்குத் தெரியலையா சார்?"

பலராமன் எழுதியது பொய். ஆனால் ஒன்றும் அறியாதவன் எழுதிய பொய்! அறை சூடேறிக்கொண்டிருந்ததை அவன் கனவிலும் காணவில்லை. உண்மையான எண்ணை எழுத, உண்மை நடந்த இடத்தில் ஒருவன் நின்றிருக்க வேண்டும்.

நேர்மையான அந்த ஒரு வரிதான் கொலைகாரனின் கைரேகை!

கோவிந்தசாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சலவைச் சட்டை முதல் முறையாகக் கசங்கியது.

"ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை... சரக்கு இறக்கறப்போ கத்துன அலாரத்தை நிறுத்திட்டு, பின்கதவைச் சரியா மூடாம வீட்டுக்குப் போயிட்டேன். இறால் பூரா எளகிடுச்சு. மறுபடி உறைய வெச்சு அனுப்பிட்டேன். எங்கேயோ கல்யாணத்துல சாப்பிட்டவங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னு சேதி வந்தது. பாய்க்குச் சந்தேகம். இன்னைக்கு ஒவ்வொரு பெட்டியா ஒடைச்சுப் பார்த்தாரு. கெட்டுப்போய்த் தலை கறுத்த இறால் கெடைச்சிடுச்சு. சாயங்காலமே அதிகாரிங்ககிட்ட சொல்லிடுவேன்னு போன்ல சொன்னாரு..."

"அந்த ஞாயித்துக்கிழமை ரிஜிஸ்டர்ல என்ன எழுதினீங்க?" என்று கேட்டார் தாமரைச்செல்வி. "அன்னைக்காவது ஒரு பொய்...?"

கோவிந்தசாமி அடிபட்டவரைப் போல நிமிர்ந்தார்.

"பொய் எழுத மனசு வரலை மேடம். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டேன்!"

"மனுஷனை அடிக்க மட்டும் மனசு வந்துச்சா?"



"இன்னைக்கு ஏன் சார் எழுதினீங்க?" ஸமீஹா கேட்டாள். கண்ணீர் இப்போதுதான் வழிந்தது. "ஒண்ணும் எழுதாம விட்டிருந்தா..."

"மணி ஒண்ணாச்சு," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "ஒரு மணிக்கு எழுதணும். பேனலைப் பார்க்கவே இல்லை, உள்ளே டயல்ல பார்த்ததுதான் கண்ணுல நின்னுச்சு. கை தானா எழுதிடுச்சும்மா."

வெளியே பாக்கியலட்சுமி கணவனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா, திட்டுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"இனிமே முன்கூட்டி எழுதுவியா? எழுதுவியான்னு கேக்குறேன்!"

பலராமன் ஸமீஹாவைப் பார்த்துக் கைகூப்பினான். அவள் தலையசைத்தாள், மாமிக்குப் போன் செய்ய ஓரமாக நடந்தாள்.

கோவிந்தசாமியை ஜீப்பில் ஏற்றியபோது மணி ஐந்து.

தாமரைச்செல்வி முன் இருக்கையில் ஏறினார். ஏட்டு கன்னியப்பன் மட்டும் ஏறவில்லை. ஜீப்பின் பக்கத்தில் நின்று, சிவப்புத் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"என்ன கன்னியப்பன்? வண்டியில ஏறுங்க!"

"மேடம்... ஒரு சின்னச் சிக்கல்."

"என்ன?"

"நீங்க மத்தியானம் சொன்னீங்கள்ல... அப்பவே டைரியில எழுதிட்டேன். 'மாலை ஐந்து மணிக்குக் குற்றவாளி பலராமன் கைது செய்யப்பட்டான், குற்றத்தை ஒப்புக்கொண்டான்'னு. கீழ உங்க கையெழுத்துக்கு இடமும் விட்டுட்டேன்..."

தாமரைச்செல்வி கை நீட்டி டைரியை வாங்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க, கன்னியப்பன்... உங்களுக்கு இந்தக் கேஸ்ல ஒண்ணுமே தெரியாதுங்கிறதுக்கு அதைவிட நல்ல சாட்சி எந்தக் கோர்ட்டுலயும் கிடையாது!"